திருமலையில் இரண்டு நாள்: இரு கடலுக்கு நடுவே ஒரு வாரயிறுதி

திருமலைக்கு, அதாவது இலங்கையின் திருகோணமலைக்கு, வருகிறோம் என்று சொல்பவர்களில் பாதிப்பேர் ஊருக்குள் கால் வைப்பதேயில்லை. பஸ் நிலையத்தில் இறங்கியதும் ஓட்டோ பிடித்து நேரே நிலாவெளிக்குப் போகிறார்கள். இரண்டு நாள் மணலில் கிடந்துவிட்டு, திரும்பும் வழியில் அரை மணி நேரம் கோணேசர் கோயிலில் நின்று படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். எனக்கு அதில் உண்மையான வருத்தம் உண்டு. இந்த நகரம் இரண்டு நீர்ப்பரப்புகளுக்கு நடுவே ஒரு குறுகிய நிலத்துண்டில் இருக்கிறது. கிழக்கே திறந்த கடல், மேற்கே உட்துறைமுகம். சூரியன் ஒரு தண்ணீரிலிருந்து எழுந்து இன்னொரு தண்ணீரின் பக்கம் சாய்வதை, வாகனமே எடுக்காமல் நடந்தே போய்ப் பார்க்கக்கூடிய ஊர்கள் எத்தனை இருக்கின்றன?

அதனால் இந்த வழிகாட்டியை வெளிச்சத்தின் போக்கிலேயே எழுதியிருக்கிறேன். விடியலில் கிழக்குக் கரை, அந்தியில் மேற்குக் கரை, இரவில் ஒரு நல்ல சாப்பாட்டு மேசை. வைன் ருசி பார்ப்பதற்கும் ஒரு மாலையை ஒதுக்கியிருக்கிறேன். திருமலையில் வைன் வடிக்கும் தோட்டம் எதுவும் கிடையாது. ஆனால் வைனோடு சேர்த்துச் சாப்பிட இந்தக் கடலில் கிடைப்பவை வேறெங்கும் இவ்வளவு புதிதாகக் கிடைப்பது கடினம்.

முதலில் நாள்காட்டியைப் பாருங்கள்

இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று காற்று. வாடைக்காற்று அடிக்கும் காலத்தில், அதாவது ஏறத்தாழ நவம்பரிலிருந்து பெப்ரவரி வரை, மழையும் கொந்தளிப்பும் இருக்கும். புறாமலைத் தீவுக்குப் படகில் போவது அப்போது பாதுகாப்பல்ல. மே முதல் செப்டெம்பர் வரை கடல் அமைதியாகக் கிடக்கும். ஆனால் ஜூன், ஜூலையில் கச்சான் காற்று உள்நாட்டு வெக்கையை வாரிக்கொண்டு வரும். பகல் பதினொரு மணிக்குப் பிறகு வெளியே நடக்க முடியாது. என்னைக் கேட்டால் ஏப்ரல் கடைசியும் மே முதற்பாதியும்தான் நல்ல காலம்.

மற்றது போயா. பௌர்ணமி நாளில் நாடு முழுக்க மதுபான விற்பனை இல்லை. இறைச்சிக் கடைகளும் மூடியிருக்கும். ஒருமுறை நானும் மச்சானும் குடும்பத்தோடு வந்து இறங்கிய சனிக்கிழமை போயா என்பதை ஹோட்டல் வாசலில் வைத்துத்தான் அறிந்தோம். நான்கு மாதமாகத் திட்டமிட்ட இரவுச் சாப்பாடு சோடாவோடு முடிந்தது. போயா சனி, ஞாயிறோடு ஒட்டி வந்தால் நீண்ட விடுமுறையாகிவிடும், அறை வாடகையும் ஏறும், கடற்கரையும் நிரம்பும். அந்த வாரத்தைத் தவிருங்கள்.

கூட்டம் உங்களுக்குப் பிடிக்கும் என்றால் அது வேறு கதை. நவராத்திரி நாட்களில் வாருங்கள். அப்போது இங்கே கும்ப விழா. இரவில் தலையில் கும்பத்தோடு வீதி வீதியாக ஆடிவருவார்கள், ஊர் தூங்காது. சிவராத்திரியை அடுத்துக் கோணேசர் நகர்வலம் வரும் நாட்களும் அப்படித்தான். அந்த நாட்களில் வைனைப் பற்றிய பேச்சை விட்டுவிட்டுத் தெருவில் நில்லுங்கள்.

வந்து சேர்வது, தங்குவது

கொழும்பிலிருந்து சாலை வழியாக ஏறத்தாழ 260 கிலோமீட்டர். ஹபரணையில் திரும்பி, கந்தளாய் கடந்து வரவேண்டும். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து புறப்படுபவர்களுக்குக் கொழும்புக் கோட்டை நிலையத்திலிருந்து வரும் இரவு ரயில்தான் வசதி. தூங்கி எழுந்தால் திருமலை. போவதற்கு முன் அந்த வாரம் வண்டி ஓடுகிறதா என்று நிலையத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வருபவர்களுக்கு வவுனியா, ஹொரவப்பொத்தானை வழி. மட்டக்களப்பிலிருந்து வந்தால் வாழைச்சேனை, வெருகல், மூதூர், கிண்ணியா என்று கடலோரமாகவே வரலாம். கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்பட்டது, 396 மீட்டர் நீளம். அதற்கு முன் அந்த இடத்தில் வாகனங்கள் படகுப்பாதைக்குக் காத்துக் கிடந்தன. பாலத்தில் போகும்போது கண்ணாடியை இறக்கிவிட்டு வாருங்கள்.

தங்குவதற்கு மூன்று இடங்கள். நகரத்துக்குள் டச்பே கடற்கரையை அண்டிய தெருக்கள், ஐந்தாறு கிலோமீட்டர் வடக்கே உப்புவெளி, இன்னும் வடக்கே நிலாவெளி. முதல் இரவு நகரத்திலும் இரண்டாம் இரவு உப்புவெளியிலும் தங்குவது என் வழக்கம். விடியலில் கோணேசர் மலைக்கு நடந்து போக நகரம் வேண்டும். மதுபான அனுமதி உள்ள உணவகங்களும் ஹோட்டல்களும் அதிகம் இருப்பது உப்புவெளிப் பக்கத்தில். சாப்பிட்டு முடித்து அறைக்கு நடந்தே போய்விடலாம். சிறு பிள்ளைகளோ வயதானவர்களோ கூட வந்தால் இரண்டு இரவும் ஓரிடத்தில் இருப்பதுதான் நல்லது, மூட்டை கட்டுவதிலேயே பாதி நாள் போய்விடும்.

சனிக்கிழமை விடியல்: சுவாமி மலை (கோணேசர் மலை)

ஐந்தரை மணிக்குக் கோட்டை வாசலில் நில்லுங்கள். போர்த்துக்கேயர் கட்டி, ஒல்லாந்தர் பெருப்பித்து, பிரித்தானியர் பிரெட்ரிக் கோட்டை என்று பெயர் வைத்த கோட்டை இது. இன்றும் உள்ளே இராணுவம் இருக்கிறது. வாசல் சுவரில் இரட்டை மீன் சின்னத்தோடு ஒரு பழைய தமிழ்க் கல்வெட்டுத் துண்டு பதிந்திருக்கிறது. குளக்கோட்டன் என்ற மன்னன் கோணேசர் கோயிலுக்குச் செய்த திருப்பணியையும் பறங்கியர், அதாவது போர்த்துக்கேயர், அதைக் குலைப்பதையும் சொல்லும் கல். பார்க்காமல் கடந்து போகிறவர்கள்தான் அதிகம். இரண்டு நிமிடம் நின்று பாருங்கள். இந்த மலையின் முழுக் கதையும் அதற்குள் இருக்கிறது.

உள்ளே போனதும் புள்ளிமான்கள் எதிர்ப்படும். அருகில் வரும், கையை முகரும். பிஸ்கட் பையை நீட்டாதீர்கள். பிளாஸ்டிக்கைச் சேர்த்து விழுங்கிவிடும். மலைச்சரிவில் பதினைந்து இருபது நிமிட நடை. செருப்பை விடும் இடம் வந்ததும் காற்று மாறுவது தெரியும்.

திருக்கோணேச்சரம் பாடல் பெற்ற தலம். ஈழத்தில் தேவாரம் பெற்ற தலங்கள் இரண்டே இரண்டு. மன்னாரில் திருக்கேதீச்சரம், இங்கே இது. ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் இந்தத் தலத்தின் மேல் பதிகம் பாடியிருக்கிறார். அப்போதிருந்த பெருங்கோயிலை 1622இல் போர்த்துக்கேயர் இடித்தார்கள். அதன் கற்களில் பல கோட்டைச் சுவராயின, பல கடலில் விழுந்தன. 1950இல் நகரில் கிணறு வெட்டும்போது மண்ணுக்குள்ளிருந்து வெண்கல விக்கிரகங்கள் வெளிப்பட்டன. யாரோ சிலர் கோயில் இடியும் முன்பே தூக்கிக்கொண்டு போய்ப் புதைத்து வைத்திருக்கிறார்கள். அவர்கள் யார், அன்று இரவா பகலா, எத்தனை பேர் சுமந்தார்கள் என்று அந்த மூர்த்திகளின் முன்னால் நிற்கும்போதெல்லாம் நான் நினைப்பேன். 1956இல் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் மலையடிக் கடலில் மூழ்கி, பழைய கோயிலின் தூண்களையும் கற்களையும் கண்டார்கள். இப்போதுள்ள கோயிலுக்கு 1963இல் குடமுழுக்கு நடந்தது.

விடியல் பூசை முடிந்ததும் வெளிவீதியால் போய் இராவணன் வெட்டைப் பாருங்கள். மலை இரண்டாகப் பிளந்து நிற்கும் இடம். கீழே நீலம் கறுத்துப் போய்க் கிடக்கும். அருகே மரத்தில் பிள்ளை வரம் கேட்டுக் கட்டிய சின்னச் சின்னத் தொட்டில்கள் காற்றில் ஆடிக்கொண்டிருக்கும். சத்தமாகப் பேசாமல் கடந்து போங்கள். உடை பற்றி ஒரு சொல்: ஆண்கள் வேட்டியோ நீளக் காற்சட்டையோ அணியுங்கள், சந்நிதியில் மேற்சட்டையைக் கழற்ற வேண்டியிருக்கும். பெண்கள் தோளும் முழங்காலும் மூடிய உடை. கடற்கரைக் குட்டைக் காற்சட்டையோடு வருபவர்களை வாசலிலேயே நிறுத்துவார்கள், அது சரிதான்.

காலைச் சாப்பாடும் பகலும்

எட்டு மணிக்கு இறங்கி வந்தால் பசி தாங்காது. நகரத்துச் சைவக் கடைகளில் இடியப்பம், சொதி, சம்பல் சூடாக இருக்கும். ஹோட்டலில் கொடுக்கும் பாணையும் ஜாமையும் நம்பி இதை விட்டுவிடாதீர்கள். சொதியில் பால் திரியாமல், மஞ்சள் மட்டாக, எலுமிச்சம்புளி கடைசியில் விட்டிருந்தால் அந்தக் கடைக்கு மறுநாளும் போகலாம்.

பத்து மணி வரை நகரத்தில் நடக்கலாம். மக்கெய்சர் மைதானத்துக்கு அருகே பத்திரகாளி அம்மன் கோயில். உள்ளே கூரை முழுக்க வண்ணச் சிற்பங்கள், கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து பார்க்க வேண்டும். அப்புறம் கடற்படையின் கடல்சார் அருங்காட்சியகம். ஒல்லாந்தர் காலக் கட்டடத்தில் இருக்கிறது. கட்டடத்தின் தடித்த சுவர்களும் உயர்ந்த கதவுகளும்தான் உள்ளே வைத்திருப்பவற்றைவிட எனக்குப் பிடிக்கும். துறைமுகத்துக்குப் போட்டி போட்டுப் பேரரசுகள் வந்துபோன வரிசை அங்கே புரியும்.

பகல் பன்னிரண்டிலிருந்து மூன்றரை வரை எதுவும் செய்யாதீர்கள். மீன் குழம்போடு சோறு சாப்பிட்டுவிட்டுத் தூங்குங்கள். இதைச் சோம்பலாக நினைக்க வேண்டாம், ஊரே அப்படித்தான் இருக்கும்.

மூன்றரைக்கு எழுந்து உப்புவெளிப் பக்கம் போகிறவர்கள் நிலாவெளி வீதியில் உள்ள போர் மயானத்தில் பத்து நிமிடம் இறங்குங்கள். இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்கள். 1942 ஏப்ரல் 9ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் திருமலையைக் குண்டுவீசித் தாக்கின. அதே நாளில் மட்டக்களப்புக்கு அப்பால் பிரித்தானியரின் ஹெர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பலும் மூழ்கியது. கல்லறைகளில் பொறித்த வயதுகளை வாசித்துப் பாருங்கள், பத்தொன்பது, இருபத்தொன்று என்று இருக்கும்.

அந்திக்குத் திரும்பவும் நகரம். உட்துறைமுக வீதியில் தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்துகொள்ளுங்கள். கடலென்றே தோன்றாது, ஏரி போல அலையில்லாமல் கிடக்கும். அதற்கப்பால் மலைகள். சூரியன் அங்கேதான் இறங்கும். கச்சான் கடலை ஒரு சுருள் வாங்கிக்கொள்ளுங்கள். கடற்படைப் பகுதிகளைப் படம் எடுக்க வேண்டாம், தடை செய்யப்பட்டது. சூரியனைப் படம் எடுப்பதில் தடையில்லை.

சனி இரவு: வைனும் நண்டும்

இலங்கையில் ‘வைன் ஸ்டோர்ஸ்’ என்று பலகை போட்ட கடைக்குள் போனால் சாராயமும் பியரும்தான் அடுக்கியிருக்கும். திராட்சை வைன் ஒரு மூலையில் தூசி படிந்து நிற்கும். வரி காரணமாக விலையும் அதிகம். ஆகவே வரும்போதே கொண்டு வருவது நல்லது. பெரிய நகரத்தில், குளிரூட்டிய கடையில் வாங்குங்கள். இருபத்தொரு வயது நிறைந்திருக்க வேண்டும் என்பது சட்டம். தக்கை போத்தலின் வாயைவிட்டு மேலே தள்ளி நின்றால் அது வெக்கையில் கெட்டது, தொடாதீர்கள். நானே ஒருமுறை ஒரு சிவப்பு வைன் போத்தலைச் சித்திரை வெயிலில் காரின் பின்பெட்டியில் வைத்து ஏழு மணி நேரம் கொண்டு வந்தேன். திறந்தபோது வேகவைத்த முந்திரிகை வற்றல் மணம்தான் வந்தது. இப்போதெல்லாம் ஐஸ் பெட்டியில் மீனுக்கு இடம் இல்லாவிட்டாலும் வைனுக்கு இடம் உண்டு.

எங்கே குடிப்பது? மதுபான அனுமதி உள்ள உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்களில் வைன் பட்டியல் இருக்கும். சொந்தப் போத்தலைக் கொண்டுவரலாமா, திறப்பதற்கு எவ்வளவு கட்டணம் என்று மேசை பதிவு செய்யும்போதே கேளுங்கள். அனுமதியில்லாத கடைக்குள் பையில் மறைத்துக் கொண்டுபோகாதீர்கள். முஸ்லிம் உணவகங்களிலும் சைவக் கடைகளிலும் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. கடற்கரை மணலில் குடிப்பதும் வேண்டாம், பொது இடத்தில் குடிப்பது குற்றம்.

சரி, ருசி பார்ப்பது எப்படி? நான்கு பேருக்கு மூன்று போத்தல் போதும். முதலில் நுரைக்கும் வெள்ளை, அடுத்து மெல்லிய இனிப்புள்ள வெள்ளை, கடைசியில் இளஞ்சிவப்பான ரோஸ் அல்லது இலகுவான சிவப்பு. கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள். மணம் சுழல இடம் வேண்டும். முதலில் மோந்து பாருங்கள். ஒரு மிடறு தனியாக. பிறகு ஒரு வாய் சாப்பாடு. பிறகு மீண்டும் ஒரு மிடறு. அந்த இரண்டாம் மிடறுதான் பரீட்சை. முதல் மிடற்றில் நன்றாயிருந்த வைன் இரண்டாவதில் கசந்தால் அந்தக் கறிக்கு அது பொருந்தவில்லை.

நம் சமையலோடு பெரும்பாலும் தவறு நடப்பது சிவப்பு வைனில். கபர்னே சோவினியோன் போன்ற கனத்த சிவப்பில் துவர்ப்பு அதிகம், மதுச்சத்தும் அதிகம். மிளகாய்த்தூள் எரிவை இரண்டும் கூட்டிவிடும். நண்டுக் கறியோடு குடித்தால் நாக்கில் நெருப்பும் துருவும்தான் மிஞ்சும். சிறிது இனிப்பு விட்டு வைத்த ரீஸ்லிங் என்ற வெள்ளை வைனைக் கொண்டு வாருங்கள். முருங்கையிலை போட்டு, தேங்காய்ப் பாலில் இறக்கிய நண்டுக் கறிக்கு அது பிறவித் துணை. இனிப்பு காரத்தைத் தணிக்கும், புளிப்பு பாலின் கொழுப்பை அறுக்கும். பொரித்த கணவாய்க்கும் நெத்தலிக்கும் எலுமிச்சை பிழிவோம் அல்லவா, அந்த இடத்தில் சோவினியோன் பிளாங்க் என்ற வெள்ளை வைன் நிற்கும். எண்ணெயில் பொரிந்த எதற்கும் நுரைக்கும் வைன் பொருந்தும். அறுக்குளா மீனைத் தணலில் சுட்டால் ரோஸ். ஆட்டிறைச்சி கேட்டால் பினோ நுவார் போன்ற மெல்லிய சிவப்பு. கொத்து ரொட்டிக்கு? பலதையும் முயன்றுவிட்டேன், குளிர்ந்த பியர்தான்.

குளிர் முக்கியம். வெள்ளைக்கு 8 முதல் 10 பாகை, சிவப்புக்கு 16 முதல் 18 பாகை என்பார்கள். திருமலையில் இரவு எட்டு மணிக்கும் அறையின் வெக்கை அதற்கு மிக மேலே. ஆகவே சிவப்பையும் கொஞ்ச நேரம் குளிரில் வையுங்கள். வாளியில் ஐஸை மட்டும் போட்டால் நேரமாகும். தண்ணீரும் ஒரு கைப்பிடி உப்பும் சேர்த்தால் இருபது நிமிடத்தில் போத்தல் குளிர்ந்துவிடும். பரிமாறுபவரிடம் இதை மரியாதையாகச் சொன்னால் மகிழ்ச்சியோடு செய்து தருவார்கள்.

வெளிநாட்டு வைன் கைக்கெட்டவில்லை என்றால் குறையில்லை. யாழ்ப்பாணத்து ரோசரியன் கன்னியர் மடத்தில் கறுவா, கிராம்பு மணக்கும் இனிப்பு வைன் கிடைக்கும். யாராவது அங்கிருந்து வந்தால் சொல்லிவையுங்கள். அது வட்டிலப்பத்தோடு அருமை. கள்ளும் இருக்கிறது. முட்டிக்குள் சுண்ணாம்பு பூசி இறக்கினால் நொதிக்காமல் கருப்பணி, பூசாமல் இறக்கினால் சில மணி நேரத்தில் கள். காலையில் இனிப்பாயிருப்பது மாலையில் புளிப்பேறிக் கடுமையாகும். தவறணையில் (கள்ளுக்கடையில்) காலையில் இறக்கிய கள்ளைக் கேட்டு, மேலே சொன்னபடியே மோந்து, மிடறு குடித்து, பொரித்த சூடை மீன் ஒரு வாய் தின்று, மீண்டும் குடித்துப் பாருங்கள். வைனுக்குச் செய்யும் அத்தனை மரியாதையும் கள்ளுக்கும் தகும்.

ஆளுக்கு ஒரு பெரிய போத்தல் தண்ணீர் மேசையில் இருக்கட்டும். திரும்ப ஓட்டோவில் போங்கள். இரவுக் கடலில் கால் நனைக்கலாம், இறங்கிக் குளிக்கக் கூடாது.

ஞாயிறு: கடலா, மண்ணா?

இரண்டையும் ஒரே நாளில் திணிக்காதீர்கள்.

கடல் என்றால் புறாமலை. நிலாவெளிக் கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் அளவு தூரம், 2003 முதல் தேசியப் பூங்கா. வனசீவராசிகள் திணைக்களத்தின் கருமபீடத்தில் நுழைவுச்சீட்டு, படகு வாடகை தனி. முதல் படகிலேயே போய்விடுங்கள். பத்து மணிக்குப் பிறகு ஆள் காலில் ஆள் மிதிப்பார்கள். கரை முழுக்க உடைந்த பவளம், செருப்பில்லாமல் நடக்க முடியாது. நீருக்குள் பவளத்தின் மேல் கால் ஊன்றாதீர்கள், அது உயிர். கறுப்பு முனைத் துடுப்போடு சிறிய சுறாக்கள் சுற்றும், பயப்பட வேண்டாம், அவை விலகிப் போகும். முந்தின இரவு கூடுதலாகக் குடித்திருந்தால் இதை விட்டுவிடுங்கள்.

மண் என்றால் கன்னியா. நகரத்திலிருந்து எட்டு கிலோமீட்டர் அளவு. ஏழு வெந்நீர்க் கிணறுகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு. இராவணன் தாய்க்கு ஈமக்கடன் செய்ய உண்டாக்கியவை என்பது வழிவழி வந்த கதை. இன்றும் அந்திமக் கிரியைக்கு வருபவர்கள் உண்டு, அவர்களுக்கு இடம் விட்டு நில்லுங்கள். வாளியால் அள்ளிக் குளிப்பதுதான் முறை. அங்கிருந்து பெரியகுளம் பக்கமாகப் போனால் வெல்கம் விகாரை. சோழர் காலத்தில் இதற்கு இராசராசப் பெரும்பள்ளி என்று பெயர். விளக்கெரிக்கத் தானம் கொடுத்த செய்திகளைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டுகள் அங்கே கிடைத்தன. தமிழர் விளக்கேற்றிய பௌத்தப் பள்ளி. பெரிய கூட்டம் இருக்காது. செங்கல் இடிபாடுகளுக்கு நடுவே மரநிழலில் உட்கார்ந்து கொண்டு வந்த தேத்தண்ணியைக் குடிக்கலாம். இந்த வாரயிறுதியில் ஒரே ஓர் இடத்தைத்தான் புதிதாகச் சேர்க்க முடியும் என்றால் நான் இதைச் சேர்ப்பேன்.

மதியச் சாப்பாட்டுக்குக் கிண்ணியாப் பக்கம் போக முடிந்தால் போங்கள். ஞாயிறு மதியம் புரியாணியும், அதற்குப் பிறகு வட்டிலப்பமும். இங்கே வைனுக்கு இடமில்லை, தேவையும் இல்லை.

கொழும்பு திரும்புகிறவர்கள் கந்தளாயில் வண்டியை நிறுத்துங்கள். வீதியோரக் கடைகளில் எருமைத் தயிர் சட்டிச் சட்டியாக அடுக்கியிருக்கும். சட்டியைச் சிறிது சாய்த்துக் காட்டச் சொல்லுங்கள். தண்ணீர் விடாமல் கட்டியாக நின்றால் அன்று காலையில் உறைந்தது. தயிரில் விட்டுக்கொள்ளும் இனிப்புப் பாணியும் ஒரு போத்தல் வாங்குங்கள். தயிர்ச் சட்டியைப் பின்பெட்டியில் வைக்க வேண்டாம், குளிர்காற்று படும் இடத்தில், யாராவது ஒருவர் காலுக்கு இடையில் பிடித்துக்கொள்ளட்டும். இரவு வீட்டுக்குப் போய்ச் சேரும்போது சமைக்கத் தெம்பிருக்காது, அன்றிரவுக்கு அதுவே போதும்.